எழுதத் தெரியாம ஆரம்பிச்சு 115 நாவல்

ஹாஸ்டல்ல என் கட்டிலுக்கு அடியில ஒரு அட்டைப்பெட்டி இருக்கு. அதுக்குள்ள 61 புத்தகம். எல்லாமே ஒரே புத்தகம், நான் எழுதின நாவல். மூணாவது வருஷம் படிக்கும்போது காசு சேர்த்து நானே போட்டேன். 100 பிரதி அடிச்சேன். 39 போச்சு. அதுல காசு கொடுத்து வாங்கினவங்க எத்தனை பேர்னு கேக்காதீங்க, ப்ளீஸ்.

புத்தகம் போட்டுத் தர்றோம்னு சொன்ன ஒரு நிறுவனத்துக்கிட்ட பேக்கேஜ் எடுத்தேன். அட்டைப்படம், பக்க வடிவமைப்பு, அச்சு எல்லாம் அதுல அடக்கம். விற்பனையும் அவங்க பொறுப்புன்னு நானா நினைச்சுக்கிட்டேன். அது பேக்கேஜ்ல இல்லைன்னு பெட்டி வந்து இறங்கின அப்புறம்தான் புரிஞ்சுது. அதைவிட வலிச்சது வேற. சொந்தக்காரர் ஒருத்தர் புத்தகத்தைக் கையில வாங்கிப் புரட்டிட்டு, யாரும் போட வரலையா, நீயே போட்டுக்கிட்டியான்னு சிரிச்சுக்கிட்டே கேட்டார். அன்னைக்கு மூடின பெட்டிதான். அப்புறம் நான் திறக்கவே இல்ல.

இந்த வருஷம் ஒரகடத்துல இன்டர்ன்ஷிப். ஷிஃப்ட் பஸ்ல தினமும் ஒன்றரை மணி நேரம் போகும். தூக்கம் வராத நாள்ல போன்ல பழைய தமிழ் நாவலாசிரியர்களைப் பத்தித் தேடிப் படிச்சுக்கிட்டே வருவேன். அப்படிப் படிச்சப்பதான் ஒரு ஊர் பேர் கண்ணுல பட்டுச்சு. நீர்வளூர். சுங்குவார்சத்திரம் தாண்டிக் காஞ்சிபுரம் போற வழியில பேரைப் பாத்திருப்பீங்க. அந்த ஊர்க் குடும்பத்துல பிறந்த ஒரு பெண், 100 வருஷத்துக்கு முன்னாடியே தன் நாவல்களைத் தானே வெளியிட்டு, பத்திரிகை நடத்தி, கடைசியில அச்சகமும் வச்சாங்க. பேரு வை.மு. கோதைநாயகி அம்மாள். நம்ம பாட்டிங்க காலத்துல அவங்க பேரு தெரியாத வீடு குறைவு. இன்னைக்கு நம்ம வகுப்புல 60 பேர்கிட்ட கேட்டுப் பாருங்க. நான் கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியல. எனக்கே ரெண்டு மாசம் முன்னாடி வரைக்கும் தெரியாது.

அதனால இந்தக் கட்டுரை.

அஞ்சரை வயசுல கல்யாணம்

கோதைநாயகி 1901 டிசம்பர் 1-ஆம் தேதி பிறந்தார். அப்பா நீர்வளூர் வெங்கடாச்சாரி, அம்மா பட்டம்மாள். வைணவக் குடும்பம். குழந்தைக்கு ஒரு வயசு இருக்கும்போதே அம்மா இறந்துட்டாங்க. பாட்டியும் மற்ற உறவினர்களும்தான் வளர்த்தார்கள்.

1907-இல் கல்யாணம். பெண்ணுக்கு அஞ்சரை வயசு, மாப்பிள்ளை பார்த்தசாரதிக்கு ஒன்பது. இன்னைக்கு அது சட்டப்படி குற்றம். அன்னைக்கு அந்த மாதிரி குடும்பங்கள்ல அதுதான் வழக்கம். வை.மு.ங்கிற எழுத்துகளும் புகுந்த வீட்டில இருந்து வந்தவைதான். வைத்தமாநிதி முடும்பை என்பதன் சுருக்கம். திருவல்லிக்கேணியில இருந்த படிச்ச குடும்பம் அது. கம்பராமாயணத்துக்கு உரை எழுதிய வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியாரும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்தான்.

ஆனா அந்தச் சிறுமி பள்ளிக்கூடம் போனதில்லை. காதால் கேட்டதுதான் படிப்பு. சித்தப்பா ஒருவர் திருவாய்மொழி போன்றவற்றைச் சொல்லிக்கொடுத்தார். மாமியார் தெலுங்கு கற்றுக்கொடுத்தார். இசையும் வந்தது. நல்லாப் பாடுவாங்க. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்தாலும், நினைத்ததைக் கோர்வையாக எழுதக் கை பழகவில்லை.

ஆனா கதை சொல்ல வரும். சாயங்காலம் ஆனா அக்கம்பக்கத்துக் குழந்தைகள் வந்து உட்கார்ந்துவிடும். கேட்ட கதை தீர்ந்துபோனதும் தானே கட்டிச் சொல்ல ஆரம்பித்தார். கணவர் நாடகங்களுக்குக் கூட்டிக்கொண்டு போவார். பார்த்த நாடகம் மறுநாள் கதையாகும். குழந்தைகளுக்குப் பின்னாடி பெரியவங்களும் உட்கார்ந்து கேட்க ஆரம்பிச்சாங்க. இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி இதுக்குத் திரும்பி வருவேன்.

கை ஒருத்தர், கதை ஒருத்தர்

ஒரு நாடகம் எழுதணும்னு ஆசை வந்தது. கதை மனசுல முழுசா இருந்தது, கை ஓடல. பக்கத்து வீட்டுத் தோழி ஒருத்தர் உதவிக்கு வந்தார். அவர் பேரும் பட்டம்மாள். கோதைநாயகி சொல்லச் சொல்ல பட்டம்மாள் எழுதினார். அப்படி உருவானதுதான் 'இந்திர மோகனா' நாடகம். 1924-இல் அச்சில் வந்தது. பத்திரிகைகள்ல நல்ல மதிப்புரைகள் வந்தன. மேடையிலும் நடிக்கப்பட்டது.

எழுதத் தெரியாத ஒருவரின் முதல் புத்தகம் அது. அதோட நிக்காம, அதே தோழியிடமே எழுதவும் கற்றுக்கொண்டார். அப்போ வயசு இருபதைத் தாண்டியிருந்தது. ஏறக்குறைய என் வயசு.

நான் பன்னிரண்டு வருஷம் தமிழை ஒரு பாடமா படிச்சவன். ஆனா மத்த எல்லாப் பாடமும் இங்கிலீஷ்ல. இன்னைக்கும் எங்க சின்ன 'ர', எங்க பெரிய 'ற'ன்னு ரூம்மேட்கிட்ட கேட்டுத்தான் டைப் பண்றேன். இது வெக்கப்பட வேண்டிய விஷயம்னு இத்தனை நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

செத்துப்போன ஒரு பத்திரிகை

அடுத்தது 'வைதேகி'. முதல் நாவல், துப்பறியும் கதை. தமிழில் துப்பறியும் நாவல் எழுதிய முதல் பெண் என்று இவரைச் சொல்வார்கள். நாவல் கையில் இருக்கு, எங்கே வெளியிடுறது?

அந்தக் காலத்து நிலைமையைக் கொஞ்சம் பார்க்கணும். நாவலாசிரியர் எழுதுவார், இன்னொரு நிறுவனம் வெளியிட்டு ராயல்டி தரும்ங்கிற ஏற்பாடு தமிழ்ல அப்போ ரொம்ப பலவீனம். பெரும்பாலும் எழுதினவரே அச்சிட்டு விற்கணும். பாரதியார்கூட 1920-ல தன் எழுத்தெல்லாம் சேர்த்து 40 புத்தகமாப் போடத் திட்டம் போட்டு, அதுக்கு நண்பர்கள்கிட்ட கடன் கேட்டு அச்சடித்த சுற்றறிக்கை அனுப்பினார். திட்டம் நிறைவேறல. அடுத்த வருஷம் திருவல்லிக்கேணியிலேயே இறந்துபோனார். அரசு வேலையில இருந்து வெளியே வந்த நாவலாசிரியர் அ. மாதவையா 1924-ல 'பஞ்சாமிர்தம்' பத்திரிகையைத் தானே தொடங்கினார். 1925-ல அவரும் காலமாகிட்டார். தன் புத்தகத்தைத் தானே போடுறது அன்னைக்குக் கௌரவக் குறைச்சல் கிடையாது. ஆனா ஆளையே சாப்பிடுற வேலை.

அந்த நாளில் துப்பறியும் நாவல்களில் கொடிகட்டிப் பறந்தவர் வடுவூர் துரைசாமி ஐயங்கார். 'மனோரஞ்சினி' என்ற மாத இதழ் மூலம் தன் நாவல்களை வெளியிட்டு வந்தார். 'ஜகன்மோகினி' என்று ஒரு பத்திரிகை நின்றுபோய்க் கிடக்கிறது, அதை வாங்கி நடத்துங்கள் என்று கோதைநாயகிக்கு யோசனை சொன்னவர் அவர்தான். தொடக்கத்தில் 'வைதேகி'யைப் பார்த்துக் கொடுத்து உதவியவரும் அவரே. அந்தத் துணை நீண்ட நாள் நிலைக்கவில்லை. அதற்குப் பிறகு தன் காலில்தான் நின்றார்.

1925-இல் 'ஜகன்மோகினி' கோதைநாயகி கைக்கு வந்தது. ஆசிரியரும் அவர்தான், வெளியிடுபவரும் அவர்தான். வயது 24-கூட ஆகவில்லை. 'வைதேகி' அதில் தொடராக வந்தது.

சந்தா என்ற சங்கதி

இங்கதான் என் மண்டையில ஒரு அடி விழுந்துச்சு.

நாவலைத் தனிப் புத்தகமா அச்சடிச்சா முதல்ல காகிதத்துக்கும் அச்சுக் கோர்க்கவும் பைண்டிங்குக்கும் கைக்காசு போடணும். வித்தா காசு வரும், விக்கலைன்னா பெட்டி கட்டிலுக்கு அடியில. மாத இதழ் அப்படி இல்ல. வாசகர் வருஷச் சந்தாவை முன்னாடியே கட்டிடுவார். அந்தக் காசுல காகிதம் வாங்கலாம். மாசம் ஒரு பகுதி தபால்ல வீட்டுக்கே போகும். இந்த மாசம் ஒரு கொலை, அடுத்த மாசம் ஒரு துப்பு. அடுத்த இதழ் வர வரைக்கும் வாசகருக்கு நிம்மதி கிடையாது. சந்தாவைப் புதுப்பிக்காம இருக்கவும் முடியாது. நாவல் முடியும்போது அதைப் படிக்கிற கூட்டம் ஏற்கெனவே தயாரா இருக்கும். புத்தகமா வரும்போது அது யாருக்குன்னு தேட வேண்டியதில்ல.

புத்தகக் கடைக்குப் போக முடியாத பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. வாசல் தாண்டாத பெண்கள் வீட்டுக்குத் தபால்காரர் கதையைக் கொண்டுவந்து கொடுத்தார். எழுதறதும் பெண், நடத்தறதும் பெண், படிக்கிறதும் பெரும்பாலும் பெண்கள். நாவல்களோட வீட்டு மருத்துவம், சமையல், இசை, நாட்டு நடப்பு எல்லாம் இதழ்ல வந்தன. மற்ற பெண்களையும் எழுத வைத்தார்.

இதே காலத்துல லண்டன் பக்கத்துலயும் ஒரு பெண் இதையே செய்துகொண்டிருந்தார். வர்ஜீனியா வுல்ஃபும் அவர் கணவர் லெனார்டும் 1917-ல ஒரு சின்னக் கை அச்சு எந்திரம் வாங்கி, ஹோகார்த் பிரஸ்னு வீட்டிலயே ஆரம்பிச்சாங்க. 1922-ல இருந்து வுல்ஃப் தன் நாவல்களை அதிலேயே வெளியிட்டார். அவரும் அண்ணன் தம்பி மாதிரி பள்ளிக்கூடம் அனுப்பப்படாதவர். உலகம் முழுக்க அவரைப் பாடமா படிக்கிறாங்க. நம்ம ஊர்க்காரரை நாம மறந்துட்டோம்.

ஏச்சும் பேச்சும்

ஒரு பெண் பத்திரிகை நடத்துறதை அந்தச் சமூகம் மாலை போட்டா வரவேற்கும்? குடும்பப் பெண் செய்யும் காரியமா இது என்று பேசினார்கள். காதலும் கொலையும் ஒரு பெண் எழுதலாமா என்றார்கள். அவள் பேரில் வேறு ஆண் யாரோ எழுதுகிறான் என்றும் பேச்சு வந்தது. நேரில் சொல்லத் துணியாதவர்கள் கணவரைக் கேலி செய்தார்கள்.

பார்த்தசாரதி அசரவில்லை. எழுத ஊக்கம் கொடுத்ததும், பத்திரிகை வேலையில் கூட நின்றதும் அவர்தான். 1920-களில் ஒரு வைதீகக் குடும்பத்தில், மனைவி எழுத, கணவர் பக்கபலமாக நிற்பது சாதாரணம் இல்லை. அவர் பெயர் எந்த நாவலின் அட்டையிலும் இல்லை. ஆனா அவர் இல்லாம அந்த 115-ம் இல்லைன்னுதான் எனக்குத் தோணுது.

கதர், கள்ளுக்கடை, சிறை

பத்திரிகை கைக்கு வந்த அதே 1925-இல் காந்தி சென்னை வந்தார். சீனிவாச ஐயங்கார் வீட்டில் அவரைச் சந்தித்த பிறகு கோதைநாயகியின் வாழ்க்கை திசை மாறியது. பட்டுப்புடவையையும் நகைகளையும் விட்டார். கதருக்கு மாறினார். அம்புஜம்மாள், வசுமதி ராமசாமி, ருக்மிணி லட்சுமிபதி ஆகியோர் தோழிகள் ஆனார்கள். குழந்தைகளுக்குக் கதை சொன்ன குரல் இப்போது மேடை ஏறியது. ராஜாஜி, சத்தியமூர்த்தி போன்றவர்களோடு கூட்டங்களில் பேசினார், பாடினார். பெண்கள் பொதுமேடையில் பாடத் தயங்கிய நாட்களில், டி.கே. பட்டம்மாள் மேடை ஏறப் பெரிய ஊக்கம் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். (இந்தக் கதையில் இது மூன்றாவது பட்டம்மாள், நானே குழம்பிட்டேன்.)

1930-களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி எதிர்ப்பிலும் கலந்துகொண்டு சிறைக்குப் போனார். ஒரு சின்னப் பத்திரிகையின் ஆசிரியர், வெளியீட்டாளர், முக்கிய எழுத்தாளர் மூன்றும் ஒரே ஆள். அந்த ஆள் ஜெயில்ல. ஒரு கம்பெனியாக இருந்திருந்தா இதோட ஷட்டர் இறங்கியிருக்கும். பத்திரிகை சாகவில்லை. சிறையிலும் பேனா நிற்கவில்லை. சக பெண் கைதிகளின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டார். 'உத்தமசீலன்', 'சோதனையின் கொடுமை' ஆகிய நாவல்கள் இந்தச் சிறைக்காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. துப்பறியும் கதையில் ஆரம்பித்தவர் மதுவிலக்கு, விதவை மறுமணம், வரதட்சணை, தீண்டாமை என்று நகர்ந்ததில் இந்த அனுபவங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

தன் பத்திரிகை தன் கையில் இருந்ததால்தான் இந்த மாற்றம் சாத்தியம் ஆச்சு. கொலைக்கதை நல்லாப் போகுது, அதையே எழுதுங்கன்னு சொல்ல மேல ஒரு முதலாளி இல்ல.

சொந்த அச்சகம்

பன்னிரண்டு வருஷம் அடுத்தவங்க அச்சகத்தை நம்பி ஓட்டியாச்சு. அச்சகக்காரருக்குக் கல்யாணப் பத்திரிகை ஆர்டர் வந்தா நம்ம இதழ் காத்திருக்கணும். மாத இதழுக்குத் தாமதம்னா சாவு. 1937-இல் சொந்தமாக அச்சகம் வைத்தார்.

அன்றைய அச்சகம்னா என்னன்னு நம்ம மெக்கானிக்கல் மக்களுக்காக ரெண்டு வரி. கம்ப்யூட்டர் கிடையாது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு தனி ஈயத் துண்டு. சின்னச் சின்ன அறைகள் கொண்ட மரப்பெட்டியில் எழுத்துகள் பிரிச்சு வைக்கப்பட்டிருக்கும். இங்கிலீஷுக்கு 26 எழுத்து, அதில் பெரிசு சின்னது. தமிழுக்கு உயிர்மெய் வரிசைகள், கொம்பு, கால் எல்லாம் சேர்ந்து எத்தனை அறை வேணும்னு நீங்களே கணக்குப் போடுங்க. அச்சுக் கோர்ப்பவர் ஒவ்வொரு எழுத்தாக எடுத்து, கண்ணாடியில் தெரிவது மாதிரி இடவலம் மாறிய எழுத்தைப் படித்தபடி, கையால் வரி வரியாக அடுக்குவார். ஒரு பிரதி ஓட்டிப் பிழை பார்ப்பார்கள். தப்பு இருந்தா அந்த எழுத்தைப் பிடுங்கி வேற வைக்கணும். அச்சு முடிந்ததும் எல்லா எழுத்தையும் கழுவி அதனதன் அறையில் திரும்பப் போடணும். இல்லாட்டி அடுத்த பக்கத்துக்கு எழுத்து இருக்காது. மறுபதிப்பு வேணும்னா மறுபடி முதல்ல இருந்து கோர்க்கணும்.

இப்போ கணக்கு. 35 வருஷம் நடந்த மாத இதழ் என்றால் 420 மாதம். 115 நாவல் என்றால் வருஷத்துக்கு மூணுக்கு மேல. ஒரகடத்துல லைன்ல நிக்கும்போது எங்களுக்கு டேக்ட் டைம் சொல்லுவாங்க. இத்தனை செகண்டுக்கு ஒரு வண்டி வெளிய வரணும், அடுத்தது பின்னாடியே வந்து நிக்கும். அந்த லைனை ஒரு மனுஷி தன் வீட்டுல, தன் தலைக்குள்ள, முப்பத்தஞ்சு வருஷம் ஓட்டியிருக்காங்க.

போர் வந்தது

1942-இல் ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் சென்னையே காலியானது. வண்டி கிடைத்தவர்கள் வண்டியில், ரயில் கிடைத்தவர்கள் ரயிலில், கிடைத்த ஊருக்குக் கிளம்பினார்கள். கோதைநாயகி குடும்பத்தோடு போய் இறங்கிய ஊர் சிங்கப்பெருமாள் கோவில்.

அந்தப் பேரைப் படிச்சதும் பஸ்லயே நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து ஒரகடம் வழியாப் போற நம்ம ரோடு போய் முடியற இடம் அதுதானே! ஒரு பக்கம் பிறந்த குடும்பத்தோட ஊர், இன்னொரு பக்கம் போர்க்காலத்துல தஞ்சம் புகுந்த ஊர். நடுவுல கார் கம்பெனிகளும் நாமளும். அன்னைக்கு இங்க ஏரியும் வயலும்தான் இருந்திருக்கும்.

ஊர் மாறியது மட்டும் பிரச்சினை இல்லை. போரால் காகிதத்துக்குக் கடும் தட்டுப்பாடு, அரசுக் கட்டுப்பாடு. பெரிய பத்திரிகைகளே பக்கத்தைக் குறைத்தன. சிறு பத்திரிகைகள் பல மூடின. ஜகன்மோகினி மெலிந்தது, தடுமாறியது. இரண்டு மாத இதழை ஒன்றாகச் சேர்த்துக் கொண்டுவர வேண்டிய நிலையும் வந்தது. ஆனா மூடவில்லை. சந்தா கட்டியவர்களுக்குக் கதை பாக்கி இருந்தது.

புகழும் அதன் விலையும்

அவர் நாவல்கள் சினிமாவும் ஆயின. 'ராஜமோகன்', 'அனாதைப் பெண்' இரண்டும் 1930-களின் பின்பாதியில் படமாக வந்தன. 'தயாநிதி' நாவல் அவர் இறந்த பிறகு 1966-இல் கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கத்தில், பத்மினி நடித்து, 'சித்தி' என்ற படமாக வந்து பெரிய வெற்றி பெற்றது.

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். அவங்க நாவலைப் படிச்சா நம்ம தலைமுறைக்குப் பொறுமை வேணும். பாத்திரங்கள் பக்கம் பக்கமாகப் பேசும். தற்செயலா நடக்கிற சம்பவங்கள் ரொம்ப அதிகம். நல்லவங்க ரொம்ப நல்லவங்க, கெட்டவங்க ரொம்பக் கெட்டவங்க. இலக்கிய விமர்சகர்கள் அவரைப் பொழுதுபோக்கு எழுத்தாளர் என்று ஓரம் கட்டினார்கள். முழுக்கத் தப்புன்னும் சொல்ல முடியாது. மாசாமாசம் இதழ் போயாகணும்னா எழுதினதைத் திரும்பப் படிச்சு, அடிச்சு, ஆற போட்டு எழுத நேரம் ஏது? சொந்தப் பத்திரிகை அவருக்குச் சுதந்திரம் கொடுத்தது. அதே பத்திரிகைதான் அவரை நிற்க விடாமல் ஓட வைத்தது. இது ரெண்டும் ஒரே பொருளோட ரெண்டு பக்கம்.

1948-இல் காந்தி கொல்லப்பட்ட பிறகு மகாத்மாஜி சேவா சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கி, ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவினார். பத்திரிகையும் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

1956-இல் ஒரே மகன் சீனிவாசன் இறந்துபோனார். அதற்குப் பிறகு அவர் பழைய கோதைநாயகி இல்லை. உடம்பு விழுந்தது, காசநோய் பிடித்தது. 1960 பிப்ரவரி 20-ஆம் தேதி தாம்பரம் காசநோய் மருத்துவமனையில் காலமானார். வயது 58. ஜகன்மோகினியும் அவரோடு முடிந்தது. எல்லாமாகவும் ஒரே ஆள் இருந்த பத்திரிகை, அந்த ஆள் போனதும் எடுத்து நடத்த ஆள் இல்லை. மெல்ல நாவல்களும் கடைகளில் இருந்து மறைந்தன. ஒரு பதிப்பு நிறுவனம் பின்னால் இருந்திருந்தா மறுபதிப்பு வந்துகொண்டே இருந்திருக்கும், நம்ம வகுப்புல யாராவது ஒருத்தருக்காவது பேர் தெரிஞ்சிருக்கும். தானே வெளியிடுறதுல இருக்கிற பெரிய ஆபத்து இதுதான்னு எனக்குப் படுது. விக்காம போறதுகூட இல்ல. நாம போன அப்புறம் அந்தப் புத்தகத்துக்கு யாரும் இல்லாம போறது.

திரும்ப அந்தப் பெட்டி

இதையெல்லாம் படிச்சுட்டு ஒரு ராத்திரி அந்தப் பெட்டியை இழுத்துத் திறந்தேன். தூசி தட்டினேன். சொந்தக்காரர் கேட்ட கேள்வி இப்போ அவ்வளவு உறுத்தல. நீயே போட்டுக்கிட்டியான்னா, ஆமா, நானேதான் போட்டேன். அதுல அவமானம் ஒண்ணும் இல்ல.

என் தப்பு வேற இடத்துல இருந்துச்சு. குழந்தைகளுக்குக் கதை சொன்ன அந்தச் சாயங்காலத்தை ஞாபகம் வச்சுக்கோங்கன்னு சொன்னேனே, அதுதான். கோதைநாயகி அம்மாளுக்கு முதல்ல கேக்கிறவங்க இருந்தாங்க, அப்புறம்தான் புத்தகம் வந்தது. தெருக் குழந்தைகள், எழுதிக் கொடுத்த தோழி, கூட நின்ன கணவர், அதுக்கப்புறம் சந்தாதாரர்கள். ஒவ்வொரு மாசமும் அந்தக் கூட்டத்துக்கு அவங்க பதில் சொல்ல வேண்டி இருந்தது. நான் அப்படியே தலைகீழா செஞ்சேன். ரூம் கதவைச் சாத்திட்டு எழுதினேன். ஒருத்தர்கிட்டயும் காட்டல. திருத்தச் சொன்னா மானம் போயிடும்னு பயம். நேரா 100 பிரதி அடிச்சுட்டு, வாசகர் எங்கேன்னு தேடினேன். பேக்கேஜ்ல வாசகர் கிடையாதுங்கிறது எனக்கு 1925-லயே தெரிஞ்சிருக்கணும், சொல்லப்போனா.

கேம்பஸ்ல வேலை கிடைச்சிடுச்சு. ஜூலைல சேரணும், ஷிஃப்ட் வேலைதான். அதுக்கப்புறம் எழுத நேரம் இருக்குமான்னு நாலு பேர் கேட்டுட்டாங்க. தெரியல. ஆனா ரெண்டாவது நாவல் தொடங்கிட்டேன். முதல் அத்தியாயத்தைப் போன வாரம் ஹாஸ்டல் மொட்டை மாடியில ஏழு பேருக்குப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு பேர் போனை நோண்டிக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தன் நடுவுல தூங்கிட்டான். அவன் எந்த இடத்துல தூங்கினான்னு பக்கத்துல பென்சிலால குறிச்சு வச்சிருக்கேன், அங்கதான் திருத்தணும். மீதி நாலு பேர், அந்தப் பொண்ணு பஸ்ஸை விட்டு இறங்கினாளா இல்லையான்னு கேட்டாங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டாவது அத்தியாயம். சாப்பாடு முடிஞ்சு ஒன்பது மணிக்கு, மொட்டை மாடியில. சந்தா இல்ல, சும்மா வாங்க. பழைய புத்தகம் வேணும்னாலும் கேளுங்க. 61 இருக்கு.